யாரிடம் கேட்டோம்?

2020, 2021ஆம் ஆண்டுகளின் மாலை நேரங்களைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பொழுது சாயும் நேரத்துக்குச் சுகாதாரத் துறையின் அறிக்கை வந்துவிடும். யாராவது ஒருவர் அதை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். முன்பக்கத்தில் அன்றைய எண்ணிக்கை, பிறகு மாவட்டவாரியான பட்டியல், கடைசிப் பக்கங்களில் இறந்தவர்கள். பெயர் இருக்காது. ஆனால் வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், எந்த மருத்துவமனையில் என்றைக்குச் சேர்ந்தார், என்றைக்கு இறந்தார், கூடவே என்னென்ன நோய்கள் இருந்தன என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இரண்டு வரி எழுதியிருப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு. பல மாநிலங்கள் வெறும் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்ட காலத்தில் இது பெரிய காரியம். ஒரு மனிதர் செத்தார் என்பதோடு விடாமல், எப்படிப்பட்ட மனிதர் செத்தார் என்று சொல்ல ஒரு அரசு அலுவலகம் தினமும் முயன்றது.

மொத்தம் 38,000க்கும் மேற்பட்ட மரணங்கள். அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், அத்தனை அறிக்கைகளையும் அடுக்கி வைத்துப் படித்தாலும் பதில் கிடைக்காது. சளி மாதிரி எடுக்கும்போதே நிரப்பிய ஐ.சி.எம்.ஆர். படிவத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. நுரையீரல் நோய் உண்டா, இதய நோய் உண்டா, புற்றுநோய் உண்டா என்று கேட்ட படிவம், இவரால் தன் உடம்பில் என்ன செய்கிறது என்று எடுத்துச் சொல்ல முடியுமா என்று கேட்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்த வகைக் குறைபாடு உள்ளவர்கள் 1,00,847 பேர். நாடு முழுவதும் சுமார் 15 லட்சம். இந்த எண்களே குறைவு என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். கணக்கெடுக்க வாசலில் வந்து நிற்கும் ஆசிரியரிடம் தன் பிள்ளையைப் பற்றி உண்மையைச் சொல்ல எத்தனை குடும்பங்களுக்கு மனம் வரும்? குறைவோ நிறைவோ, அந்த ஒரு லட்சம் பேருக்குத் தொற்றுக் காலத்தில் என்ன ஆயிற்று என்று நம்மிடம் எழுதப்பட்ட பதில் இல்லை.

பிரிட்டனில் இருக்கிறது. அவர்கள் நம்மைவிட இரக்கம் மிகுந்தவர்கள் என்பதால் இல்லை. அங்கே ஒவ்வொரு குடும்ப மருத்துவரும் தன்னிடம் வருகிறவர்களில் கற்றல் குறைபாடு (அறிவுசார் குறைபாட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) உள்ளவர்கள் யார் யார் என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். 2015 முதல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் பொறுப்பேற்று நடத்திய ஒரு திட்டத்தில், அப்படிப்பட்ட ஒருவர் இறந்தால் மருத்துவரோ உறவினரோ பராமரிப்பாளரோ தகவல் தரலாம். ஒவ்வொரு சாவையும் எடுத்துவைத்து, இதைத் தவிர்த்திருக்கலாமா என்று உட்கார்ந்து பார்ப்பார்கள். தொற்று வருவதற்கு ஐந்தாண்டு முன்பே இந்த ஏற்பாடு இருந்ததால்தான், தொற்று வந்தபோது கணக்குப் போட முடிந்தது. நவம்பர் 2020இல் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு வெளியிட்ட அறிக்கை சொன்னது இது: முதல் அலையில், வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால், கற்றல் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைவிட 4.1 மடங்கு அதிகமாக இறந்திருக்கிறார்கள். பதிவாகாமல் விட்டுப்போனவற்றையும் மதிப்பிட்டுச் சேர்த்தால் 6.3 மடங்கு.

அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. 18 முதல் 34 வயதுக்குள் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 30 மடங்கு. கொரோனா கிழவர்களின் நோய், இளவட்டங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தோமே, அந்தப் பேச்சு யாரை விட்டுவிட்டு நடந்தது என்பதை இந்த எண் சொல்கிறது.

முப்பது மடங்குக்குக் காரணங்கள் பல. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருக்கும், நோய் எதிர்ப்பு முறையும் வேறு மாதிரி வேலை செய்யும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை அலசி, டவுன் சிண்ட்ரோம் இருந்தால் கொரோனாவில் இறக்கும் வாய்ப்பு பத்து மடங்கு என்று 2020இலேயே சொன்னார்கள். வேறு சிலருக்கு வலிப்பு இருக்கும். சிலருக்கு விழுங்குவதில் சிக்கல். சாப்பிடும்போது புரையேறி, உணவு நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டும். இவை உடம்பின் காரணங்கள். ஆனால் இன்னும் சில காரணங்கள் உடம்புக்கு வெளியே இருக்கின்றன. குளிப்பாட்டவும் ஊட்டவும் ஓர் ஆள் வேண்டியவருக்கு ஆறடி தூரம் என்பது என்ன? கூட்டாக வாழும் இல்லத்தில் தனிமைப்படுத்தல் எந்த அறையில் நடக்கும்? மூச்சு விட முடியவில்லை என்று அவர் சொல்ல மாட்டார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார், தலையில் அடித்துக்கொள்வார், இரவெல்லாம் நடப்பார். பார்ப்பவர்கள் 'ஆரம்பிச்சிட்டான்' என்பார்கள். மருத்துவரும் சில வேளை அப்படித்தான் நினைப்பார். குறைபாட்டின் நிழலில் நோய் தெரியாமல் போய்விடும். ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலை நீட்டச் சொன்னால் நீட்ட வேண்டும், அசையாமல் வைத்திருக்கவும் வேண்டும். அதைக்கூட ஒரு வாரம் முன்பிருந்தே விளையாட்டாகச் சொல்லிப் பழக்கியிருக்க வேண்டிய பிள்ளைகள் உண்டு.

இத்தனையும் தெரிந்த பிறகு தடுப்பூசி வந்தது. பிரிட்டனில் பிப்ரவரி 2021இல், ஜோ வைலி என்ற வானொலித் தொகுப்பாளர், தனக்குத் தடுப்பூசி அழைப்பு வந்துவிட்டது, அறிவுசார் குறைபாடுள்ள தன் தங்கைக்கு வரவில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். அந்த மாதமே, பதிவேட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் வயது பாராமல் முன்னுரிமை என்று அங்கே முடிவாயிற்று. நம் நாட்டில் மார்ச் 1, 2021 அன்று தொடங்கிய கட்டத்தில் 60 வயது தாண்டியவர்களுக்கும், 45 முதல் 59 வயதுக்குள் குறிப்பிட்ட இருபது வகை உடல்நிலைகளில் ஒன்று உள்ளவர்களுக்கும் ஊசி. அந்த இருபதில் கடைசி வரியில் அறிவுசார் குறைபாடும் இருந்தது. யாரோ ஒருவர் யோசித்துச் சேர்த்திருக்கிறார், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் வயது 45. இங்கிலாந்தின் அறிக்கை விரல் நீட்டிக் காட்டியதோ 18 முதல் 34. அந்த வயதுக்காரர்களுக்கு இங்கே கதவு திறந்தது மே 1ஆம் தேதி, எல்லோருக்கும் திறந்தபோதுதான். அந்த மே மாதம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று.

இவர்களைப் பற்றிய ஆராய்ச்சி ஏன் இவ்வளவு தாமதமாக, இவ்வளவு மெலிதாக இருக்கிறது என்று தேடிப் போனால், கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. ஒரு காலத்தில் இவர்கள்மேல் ஆராய்ச்சி அளவுக்கு மீறியே நடந்திருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இரண்டு சொட்டு விடுகிறோமே, அந்தப் போலியோ சொட்டு மருந்து வகையில் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது 1950இல். ஹிலாரி கோப்ரோவ்ஸ்கி என்ற ஆய்வாளர், நியூயார்க் மாநிலத்தில் லெட்ச்வொர்த் வில்லேஜ் என்னும் விடுதியில் இருந்த இருபது குழந்தைகளுக்குக் கொடுத்தார். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான விடுதி அது. ஜோனாஸ் சால்க் தன் போலியோ ஊசியை 1952இல் சோதித்த இடங்களில் ஒன்று பென்சில்வேனியாவின் போல்க் அரசுப் பள்ளி. அதுவும் அப்படிப்பட்ட விடுதிதான். 1956 முதல் பதினைந்து ஆண்டு போல, நியூயார்க் நகரத்தின் வில்லோபுரூக் விடுதியில் சால் க்ரூக்மன் குழுவினர் குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை வைரஸை வேண்டுமென்றே செலுத்தி நோயின் போக்கைப் பார்த்தார்கள். நாலாயிரம் பேருக்குக் கட்டிய இடத்தில் ஆறாயிரம் பேரை அடைத்திருந்தார்கள். எப்படியும் இங்கே எல்லோருக்கும் காமாலை வரத்தானே போகிறது என்பது அவர்கள் சொன்ன நியாயம். பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மற்ற கட்டடங்களில் இடமில்லை, ஆராய்ச்சிப் பிரிவில் சேர்த்தால் இடம் உண்டு என்ற நிலையில் போட்ட கையெழுத்து. அந்த ஆராய்ச்சியால் ஏ வகை, பி வகை என்று காமாலையைப் பிரித்தறிய முடிந்தது, பி வகைக்கான தடுப்பூசிக்கும் அது வழி போட்டது. இன்று பிறந்த குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் போடும் முதல் ஊசிகளில் ஒன்று அது. அந்த விடுதிப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை.

இவை வெளியே வந்த பிறகு உலகம் வெட்கப்பட்டது. 1970களில் அமெரிக்காவில் சட்டம் வந்தது, நெறிமுறைக் குழுக்கள் வந்தன, ஒப்புதல் படிவம் வந்தது. எல்லாம் நல்லதற்கே. ஆனால் படிவத்தைத் தானே படித்து, புரிந்து, கையெழுத்திட முடிந்தவரைத்தான் ஆராய்ச்சியில் சேர்க்கலாம் என்று எழுதிவிட்டால், எழுத முடியாதவர் வெளியே நின்றுவிடுவார். கொரோனா தடுப்பூசிகளின் பெரிய சோதனைகள் பல்லாயிரம் பேரைச் சேர்த்தன; இவர்களுக்கென்று தனிக் கணக்கு அவற்றில் இல்லை. சில தலைமுறைகளுக்கு முன் முதல் ஊசி இவர்களுக்கு, இப்போது ஊசி இவர்களுக்கு எப்படி வேலை செய்யும் என்று பார்க்கக்கூட ஆளில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று மாறவே இல்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. அன்று கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள், இன்று கேட்காமல் விட்டுவிட்டோம்.

இந்தியாவில் தொற்றுக் காலத்தில் ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். நடந்தது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பெற்றோர் 264 பேரிடம் கேட்டு, அவர்களில் 62.5 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாகக் கண்டது. பெற்றோர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதுதான், அதை யார் மறுப்பார்கள்? பள்ளி மூடியது, பயிற்சி நின்றது, வலிப்பு மாத்திரைக்கு மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தார்கள். ஊரடங்கு தொடங்கி இரண்டு நாளில், மார்ச் 26, 2020 அன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான வழிகாட்டுதலை மத்திய அரசு வெளியிட்டது. பராமரிப்பாளர்கள் வந்துபோக அனுமதிச் சீட்டு தர வேண்டும் என்று அதில் இருந்தது. தாளில் இருந்தது. அந்த ஜூன் மாதம் தமிழக அரசு அடையாள அட்டை உள்ளவர்களுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தது. செப்டம்பரில் கிரண் என்று ஒரு மனநல உதவி எண் வந்தது. பதின்மூன்று மொழிகளில் பேச முடிந்தது, தமிழிலும் பேச முடிந்தது. அதை ஒருங்கிணைத்த நிறுவனங்களில் ஒன்று நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் 2005 முதல் இருக்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் வாய் வேண்டும். போனை எடுத்து எண்ணை அழுத்தத் தெரிய வேண்டும், என்ன கஷ்டம் என்று கோர்வையாகச் சொல்லத் தெரிய வேண்டும். எனவே பேசியது அம்மா. ஆய்வுக்குப் பதில் சொன்னதும் அம்மா. 'பிள்ளை எப்படி இருக்கிறான்' என்ற கேள்விக்கு அம்மா எப்படி இருக்கிறாள் என்பதே பதிலாக வந்து பதிவானது.

இதில் என்ன தப்பு, தாய்க்குத் தெரியாதா என்று கேட்பார்கள். தாயறியாத சூல் உண்டா என்பது நம் ஊர்ப் பேச்சு. சூலை அறிவாள், சரி. அந்தச் சூல் பிறந்து வளர்ந்து, மீசை முளைத்து, இருபத்தைந்து வயதாகி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அதன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதையும் அவளே அறிவாளா? குறைபாடு இல்லாத பிள்ளைகளுடைய அம்மாக்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். சிரித்துவிடுவார்கள்.

அயர்லாந்தில் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் நாற்பது வயது தாண்டிய அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். 2020இல் அவர்களில் 710 பேரின் கொரோனா அனுபவத்தைத் திரட்டினார்கள். பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பதற்றமும் கவலையும் இருந்தது என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். பாதிக்கு மேற்பட்டவர்கள், சில விஷயங்கள் நல்லதாகவும் இருந்தன என்றார்கள். ஓய்வு கிடைத்தது, புதிதாகச் சில வேலைகள் செய்து பார்த்தோம் என்றார்கள். பிரிட்டனிலும் 600க்கும் மேற்பட்ட கற்றல் குறைபாடு உள்ளவர்களோடு நேரடியாகப் பேசி, மாதக்கணக்கில் ஒரு ஆய்வு நடந்தது. பேச முடியாதவர்களுக்காக மட்டும் குடும்பத்தாரிடம் தனியாகக் கேட்டார்கள், இரண்டையும் ஒன்றாகக் கலக்கவில்லை. அந்தக் கலக்காமை எனக்குப் பெரிய நாகரிகமாகப் படுகிறது.

அயர்லாந்துக்காரர்கள் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. ஊரடங்கில் என்ன நல்லது? பிறகு மண்ணூரில் ஒரு வீட்டில் அதையே கேட்டேன்.

மண்ணூர் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, இன்னொரு பக்கம் ஒரகடம் என்று கார்களும் போன்களும் டயர்களும் கண்ணாடிகளும் செய்யும் வட்டாரம் இது. நெல் விளைந்த நிலத்தில் தகரக் கொட்டகைகள் எழுந்துவிட்டன. லைன் வீடுகளில் பீகார், ஒடிசாப் பையன்கள். விடியற்காலை நாலரைக்கே கம்பெனி பஸ்கள் வெள்ளை வெள்ளையாக வந்து நிற்கும். இங்கே நேரத்தை மணியில் சொல்வதில்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட்டு என்பார்கள். நான் சொல்லும் வீட்டில் அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் லோடிங் வேலை, வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். அம்மாவுக்கு வேறொரு கம்பெனியின் கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை, கான்ட்ராக்ட். மகனுக்கு அப்போது இருபது வயது, இப்போது இருபத்தைந்து கடந்துவிட்டது. அவருக்குச் சில சொற்கள் பேச வரும். பஸ்ஸின் நிறத்தையும் முகப்பையும் பார்த்தே அது எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவார். எனக்கு அது தெரியாது.

"கம்பெனி மூடுன ஒன்றரை மாசமும் இவன் நல்லாத்தான் இருந்தான் தம்பி," என்றார் அந்த அக்கா. "அவங்கப்பா வூட்லயே இருந்தாரு இல்ல? ரெண்டு வேளையும் கூட உட்கார வெச்சு ஊட்டுவாரு. சாயங்காலம் ஏரிக்கரைக்கு இட்டுனு போவாரு. எனக்குத்தான் பைத்தியம் புடிச்சுது. கையில காசில்ல, ரேஷன் அரிசிய வெச்சுனு ஓட்டுனேன். ஒரு மேடம் போன் பண்ணி கேட்டாங்க, எப்படிம்மா இருக்கீங்கன்னு. அழுதுட்டேன்."

மே மாதம் இரண்டாவது வாரத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செய்தித்தாள்கள் அதை இயல்பு வாழ்க்கை திரும்புகிறது என்று எழுதின. அந்த வீட்டில் அன்றைக்குத்தான் தொல்லை ஆரம்பித்தது. அப்பா நைட்டு ஷிஃப்டுக்குப் போனார். மகன் வாசலில் நின்று கத்தினார், கதவில் தலையை முட்டிக்கொண்டார், மூன்று நாள் சாப்பிடவில்லை. முகக்கவசம் போட்டுத் திரும்பி வந்த அப்பாவை முதல் நாள் அவருக்கு அடையாளமே தெரியவில்லையாம்.

அந்த மேடத்தின் படிவத்தில் அந்தக் குடும்பம் எப்படிப் பதிவாகியிருக்கும் என்று ஊகிக்கலாம். ஊரடங்கில் கடும் மன அழுத்தம், ஊரடங்கு நீங்கியதும் நிம்மதி. அம்மாவைப் பொறுத்தவரை அது முழு உண்மை. மகனைப் பொறுத்தவரை நேர் எதிர். ஒரே கூரை, ஒரே சோறு, ஒரே ஒன்றரை மாதம். அவளுக்கு நரகமாக இருந்தது அவருக்குத் திருவிழாவாக இருந்திருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. அவளைவிட அவரை நேசிப்பவர் இந்த உலகத்தில் இல்லை. ஆனாலும் அவள் சொன்னது அவள் கதை. அன்பால் ஒருவருக்காக உழைக்கலாம், சண்டை போடலாம், உயிரைக்கூடக் கொடுக்கலாம். அவருக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல மட்டும் அன்பால் முடியாது. வில்லோபுரூக்கில் கையெழுத்துப் போட்ட பெற்றோரும் தங்கள் பிள்ளைகளை நேசித்தவர்கள்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மே 2021இல், இரண்டாவது அலையின் உச்சத்தில், இதே வட்டாரத்தில் ஒரகடத்து ரெனோ-நிஸ்ஸான் ஆலைத் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஓடும் உற்பத்தி வரிசையில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் எப்படி வேலை செய்வது, வரிசையில் இடம் விட்டு ஓட்டுங்கள் என்றார்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள், ஆலை ஐந்து நாள் மூடப்பட்டது. நீதிமன்றம் கேட்டது, நிர்வாகங்கள் பேசின, அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள். வரிசையில் நிற்பவனுக்குத்தான் வரிசையின் ஆபத்து தெரியும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மேலாளருக்குத் தொழிலாளர்மேல் எவ்வளவு அக்கறை இருந்தாலும், அவரைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும் என்று யாரும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சங்கம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாவது பிரிவு பேரிடர் காலத்தில் அவருக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது. எது பாதுகாப்பு என்று அவரிடம் கேட்பது எப்படி என்று எந்தச் சட்டமும் எழுதாது.

அப்படிக் கேட்பது ஒரு கைத்தொழில். அதற்கென்று உழைத்தவர்கள் உண்டு. கரோல் சிகல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1981இல் ஒன்றைக் காட்டினார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஆமா-இல்லையா என்று கேட்டால் பெரும்பாலும் 'ஆமா' என்றுதான் பதில் வரும். 'சந்தோஷமா இருந்தியா?' என்றால் ஆமா. 'கஷ்டமா இருந்துச்சா?' என்றாலும் ஆமா. காலமெல்லாம் பிறர் சொன்னதற்குத் தலையாட்டியே பிழைத்தவருக்கு வேறென்ன வரும்? 'இதுவா, அதுவா?' என்றால் கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. எனவே படங்களை வைத்துக் கேட்க வேண்டும், கேட்டதையே இடம் மாற்றி இன்னொரு முறை கேட்க வேண்டும், இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் ஒரு விரிப்பை விரித்து, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம், நடுவில் தெரியவில்லை என்று பிரித்துவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து வைக்கச் சொல்லும் முறையை உருவாக்கினார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். படத்தைத் தொட்டால் பேசும் ஆவாஸ் என்ற செயலி சென்னையில் பிறந்ததுதான். அஜித் நாராயணன் என்ற பொறியாளர், கோட்டூர்புரம் வித்யாசாகரின் பிள்ளைகளோடு உட்கார்ந்து உருவாக்கியது. உலகத்தில் பல மொழிகளில் ஓடுகிறது, தமிழிலும் இருக்கிறது. கருவி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கேட்பவருக்கு உட்காரப் பொழுதில்லை என்பதே இங்கே குறை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027ஐக் குறித்திருக்கிறார்கள். மண்ணூர் வாசல்களுக்கும் யாராவது வருவார்கள். ஒரு வீட்டுக்குச் சில நிமிடம் ஒதுக்கி, பதிலைக் குடும்பத் தலைவரிடம் கேட்டுக்கொண்டு போவார்கள். கணக்குக்கு அது போதும். ஆனால் அடுத்த தொற்று வரும்போது அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு முடிவெடுக்கப் போகிறவர்களுக்கு அது போதுமா?

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். காலண்டர் அட்டையின் பின்பக்கம் நானே கிறுக்கிய படங்கள்: பஸ், அப்பா, முகக்கவசம், ஊசி, சோற்றுத் தட்டு, ஏரி, போன். ஒரு பச்சைத் துண்டு நல்லதற்கு, ஒரு சிவப்புத் துண்டு கெட்டதற்கு. முதலில் அவருக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் வைத்து, இட்லியும் பாகற்காயுமாக விளையாடிப் பழகிக்கொண்டோம். அவர் எழுந்து போய்விட்டால் பேச்சு முடிந்தது என்பது நான் வைத்துக்கொண்ட விதி. ஒரு தடவை எழுந்து போனார், தெருமுனையில் திரும்பிய பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் தானே வந்து உட்கார்ந்தார். ஏரி பச்சையில் போனது. அப்பா பச்சையில். ஊசியைக் கையில் வைத்து யோசித்தவர் அதையும் பச்சையில் வைத்தார்; ஊசி போட்ட அன்று பஸ்ஸில் போனோம் என்று அக்கா விளக்கம் சொன்னார். முகக்கவசம் சிவப்பில் போகும் என்று நானும் அக்காவும் எதிர்பார்த்தோம். அது இரண்டுக்கும் நடுவில் தரையில் கிடந்தது. சிவப்பில் போனது ஒன்றே ஒன்று. போன்.

"போனா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுதான் தம்பி அவனுக்கு உசுரு. கையில குடுத்துட்டா போதும், சத்தமே வராது."

படங்களை எடுத்துக் கலைத்து, துண்டுகளை இடம் மாற்றிப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். போன் மறுபடியும் சிவப்புக்கே போனது. இந்தத் தடவை அதைக் கவிழ்த்து வைத்தார்.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஊரடங்கில் தினமும் பத்து மணிக்கு டீச்சர் போனில் வருவார்கள், மகன் போனுக்குப் பின்னால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அதுவாக இருக்குமோ என்றார். உள்ளே இருந்த அப்பா வேறு சொன்னார். கம்பெனி திறந்த அன்று சூப்பர்வைசர் போன் அடித்துத்தான் வரச் சொன்னார். அதிலிருந்து என் போன் அடித்தாலே இவன் ஒரு மாதிரி ஆகிவிடுவான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் வந்த போனுக்கு ஒன்று, ஷிஃப்டுக்குக் கூப்பிட்ட போனுக்கு ஒன்று என்று இரண்டு படம் வேண்டும். அட்டை தீர்ந்துவிட்டிருந்தது. வேறு காலண்டர் இருக்கிறதா என்று கேட்டேன்.